தெய்வத்திரு அழகுமலையின் பக்கத்து நாற்காலி

திருமங்கலம் நகரில் வசிப்பவரும், அந்நகரப் பேருந்து நிலையத்தில் நெடுங்காலம் நேரக்காப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவரும், காலஞ்சென்ற வீரபத்திரன் அவர்களின் தலைமகனுமாகிய திருவாளர் வீ. சங்கிலிமுத்து அவர்கள், அகவை எழுபத்து நான்கு, மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் முதல் மாடிக் கூடத்தில், இரு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, இத்தனை அடைமொழிகளில் ஒன்றுகூடத் தமக்குக் கைகொடுக்கப் போவதில்லை என்று எண்ணியவாறு அமர்ந்திருந்தார். செவிலிப் பெண் ஒருத்தி சற்று முன்புதான் அவருடைய மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்களில் சொட்டு மருந்து விட்டு, “மூடியே வச்சிருங்கய்யா, கண்ணு பாப்பா நல்லா விரியணும். நான் வந்து சொல்ற வரைக்கும் தொறந்துறாதீங்க” என்று கட்டளையிட்டுச் சென்றிருந்தாள். மருந்து எரிந்தது. எரிச்சல் கண்ணில் தொடங்கி மூக்கின் வழியே இறங்கித் தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்டது நாவில் கசக்கும் என்று அவர் எங்கும் வாசித்ததில்லை. வாசித்ததில்லை என்ற அந்தச் சொல்லிலேயே மனம் கால் இடறி நின்றுவிட்டது. ஏனெனில் பங்குனி மாதத்திலிருந்து அவர் எதையுமே வாசித்ததில்லை, அது அவர் ஒருவருக்கே தெரியும்.

“எரியுதா சம்மந்தி?” என்று இடப்பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. குரலுக்கு உரியவர் அழகுமலை, சங்கிலிமுத்துவின் மருமகளைப் பெற்றவர், சென்ற ஆண்டு இதே மருத்துவமனையில் இரு கண்களிலும் புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்துக்கொண்டவர், துணைக்கு வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் விடியற்காலையிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றவர். “கொஞ்சம் எரிச்சல்தான்” என்றார் சங்கிலிமுத்து. “எரியட்டும், எரியட்டும். என்னைய மாதிரி மொத்தமா எரிஞ்சு சாம்பலா போகாம இருந்தாச் சரி” என்று அழகுமலை தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார். எதிர் வரிசையில் யாரோ ஒரு பெண்மணி, “ஐயோ, காலங்காத்தால என்ன பேச்சு இது!” என்று கடிந்துகொண்டாள். “உண்மையைத்தான் சொல்றேந்தாயி. பத்திரிகை அடிச்சே அறிவிச்சுட்டாக. நான் செத்தவந்தான். சம்மந்திக்குத் துணைக்கு மேல இருந்து எறங்கி வந்திருக்கேன்.” கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சங்கிலிமுத்துவும் சிரிக்க முயன்றார். மூடிய இமைகளுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு எப்படித் தோன்றியிருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. கண் மூடியவன் சிரித்தால் பிணம் சிரித்தாற்போல் இருக்கும் என்று தோன்றிற்று, உடனே பிணம் என்ற சொல்லுக்காகவும் வெட்கினார்.

பேத்தி தேன்மதியின் திருமணம் ஆவணியில். அவளுக்குச் சங்கிலிமுத்து தந்தை வழிப் பாட்டனார், அழகுமலை தாய் வழிப் பாட்டனார். அழகுமலையின் மனைவி குருவம்மாள் காலமாகி நெடுநாளாயிற்று. ஆகவே அழைப்பிதழில் ‘திரு. அழகுமலை – தெய்வத்திருமதி குருவம்மாள்’ என்று வர வேண்டும். இருப்பவருக்குத் திரு, இறந்தவருக்குத் தெய்வத்திரு, இந்த வேறுபாட்டைப் பச்சைப் பிள்ளைகூட அறியும். வந்ததோ ‘தெய்வத்திரு அழகுமலை – திருமதி குருவம்மாள்’. இருந்தவரைக் கொன்று, இறந்தவளை எழுப்பி உட்கார்த்திவிட்டது அச்சு. அதுவும் எப்படித் தெரிய வந்தது? சங்கிலிமுத்துவே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அழைப்பிதழை அதன்மேல் வைத்து, சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில் அத்தனை உறவினர் முன்னிலையில் தம் கையாலேயே நீட்டினார். அழகுமலைக்கோ தம் புதுக் கண்ணைக் காட்ட ஒரு வாய்ப்பு. மூக்குக் கண்ணாடியின் உதவியின்றித் தாளைக் கையில் பிடித்து, பள்ளிப் பிள்ளை போல் உரக்க வாசித்துக்கொண்டே வந்தவர், தம் பெயர் வந்த இடத்தில் நின்றார். கூடமே நின்றது. சமையற்கட்டில் குக்கர் ஒன்று சீறியது மட்டும் காதில் விழுந்தது. “ஏலே, நான் எப்படா போய்ச் சேந்தேன்?” என்று அவர்தாம் முதலில் சிரித்தார். அவர் சிரிக்காமல் அடித்திருந்தால், அந்தத் தாம்பாளத்தைத் தட்டிவிட்டிருந்தால், சங்கிலிமுத்து இன்று இந்த நாற்காலியில் சற்று நிமிர்ந்து அமர்ந்திருக்கக்கூடும். மேலும் அன்று புறப்படும்போது வாசல் வரை வந்து, மெதுவான குரலில் அழகுமலை சொன்ன ஒன்று: “எல்லாத்தையும் கிழிச்சுப் போடச் சொல்லுங்க. ஒண்ண மட்டும் நான் வச்சுக்கிறேன் சம்மந்தி. அதுல குருவு உசுரோட இருக்கா.” அது விளையாட்டா, இல்லையா? அந்தக் குரல் அன்று முதல் அவருக்குள் எங்கோ ஒரு மூலையில் குழாய் சொட்டுவதுபோல் சொட்டிக்கொண்டே இருந்தது.

குழாய் அல்ல, இங்கே சுவரிலுள்ள குளிரூட்டியிலிருந்துதான் நீர் சொட்டுகிறது, வாளி ஒன்றில். டொக். டொக். யாரோ ஒருவருடைய பெயரை அழைக்கிறார்கள். அவருடையது அல்ல. அவருடைய பெயரை அழைக்கும்போது முன்னால் என்ன சேர்ப்பார்கள்? அவர் குடும்பத்திலும், பக்கத்துத் தெருக்களிலும், அவர் பார்க்காமல் ஓர் அழைப்பிதழ் அச்சுக்குப் போனதில்லை. காதணி விழாவாயினும் புதுமனை புகுவிழாவாயினும் தாளைக் கொண்டுவந்து, “ஐயா, ஒரு பார்வை பாத்துக் குடுங்க” என்று நிற்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில், மதுரை வண்டிக்கும் ராஜபாளையம் வண்டிக்கும் இடைப்பட்ட ஓய்வில், நின்றபடியே வாசித்து வாசித்துத் தமிழை ஈட்டியவர். தொலைவில் திரும்பும் வண்டியின் எண்ணை நெற்றிப் பலகையில் கண்டு, மறுகணமே குனிந்து பேரேட்டில் நுண்ணிய எழுத்தில் பதிவார். தொலைவும் அண்மையும் அன்று அவருக்கு ஒன்றுதான். அந்த மனிதர் பார்த்தார் என்றால் பார்த்ததுதான். அச்சகத்தில் மற்ற எல்லோரிடமும் பிழை பார்த்த தாளில் கையொப்பம் வாங்குவார்கள், அவரிடம் மட்டும் கேட்பதில்லை. வாய்ச்சொல் போதும் என்பது அங்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அந்த வழக்கத்தை எண்ணித்தான் இப்போது உடல் கூசியது. கையொப்பம் கேட்டிருந்தால், எங்கே போட வேண்டும் என்று தடவியிருப்பார், தடவியிருந்தால் தெரிந்திருக்கும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். வைகாசித் தொடக்கத்தில் ஒரு பிற்பகல். கணினியில் தட்டச்சு செய்யும் பெண் ஜான்சி தாளை அவர் கையில் கொடுத்தாள். மை வாசனை வந்தது. மஞ்சளாகப் புகை படர்ந்த ஒரு சதுரம் தெரிந்தது, அதற்குள் எறும்பு ஊர்வதுபோல ஏதோ. அவர் கையை நீட்டித் தாளைத் தள்ளிப் பிடித்தார், தலையை இடமிருந்து வலமாக வரிவரியாக அசைத்தார், ஓரிடத்தில் நின்று உதட்டைக்கூடப் பிதுக்கினார். எல்லாம் பார்ப்பவன் செய்யும் செய்கைகள். “ஐயா, அந்தத் தாத்தா பேருக்கு முன்னாடி போட்டுருக்கறது சரிதானா? ஒருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்களேன்” என்றாள் அவள். நல்லாப் பார்த்து! அந்தச் சொல்லில் அவருக்குச் சுருக்கென்றது. அவரிடம் ஒரு சின்னப் பெண் சொல்வதா? “சரியாத்தாம்மா இருக்கு. நான் பாத்துட்டேன்னா பாத்ததுதான்” என்றார். சற்று உரக்கவே சொன்னார். அவள் தாளை வாங்கிக்கொண்டாள்.

பின்னர் அவர் பொய் சொன்னாரா? சொல்லவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று தமக்குத்தாமே பல முறை நிறுவியிருந்தார். “அப்பா பாத்துக் குடுத்தாரே, அதுக்கப்பறந்தான் அவங்க மாத்திட்டாங்க” என்று சொன்னது அவர் மகன். “அப்படியாய்யா?” என்று கேட்டது அச்சக உரிமையாளர் தனசீலன். அவர் தலையை அசைத்தார், அவ்வளவுதான். தலை அசைந்ததற்கு எத்தனையோ பொருள் கொள்ளலாம். தனசீலன் ஒரு பொருளே கொண்டார். அத்தனை அழைப்பிதழையும் தம் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தார், அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார். அவள் அழுதாளா? அழுதிருப்பாள். தட்டச்சுப் பலகையின் ஓசை நின்ற அந்த அறை எப்படி இருக்கும்? அவர் அந்தப் பக்கமே போவதில்லை, காய்கறி வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாகப் போகிறார். அதன்பிறகே, யாரும் எதிர்பாராத வேகத்தில், கண்ணுக்கு அறுவை செய்துகொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். கண் திறந்தால் எல்லாம் தெரியும், தெரிந்தால் எப்போதும் தெரிந்திருந்ததாகவே ஆகிவிடும், இடையில் இருந்த இருட்டு மாதங்களை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பது அவர் நினைப்பு. அதற்கு ஏற்றது பல்தூர லென்ஸ்தான். கண்ணாடியே வேண்டாத கண். அழகுமலையிடம் இருக்கும் கண். ஒவ்வொரு மாலையும் பேத்தியை அழைத்து, கைப்பேசியில் லென்ஸ் வகைகளைத் தேடி வாசிக்கச் சொன்னார். ஒரே தூரத்துக்கானது, பல தூரத்துக்கானது, நடுத்தூரம் வரை நீள்வது என்று அவள் வாசிக்க வாசிக்க, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுத் தலையசைத்துக்கொண்டார். “நீங்களே படிக்கலாமே தாத்தா” என்றாள் ஒருநாள். “உன் உச்சரிப்பைக் கவனிக்கிறேன்” என்றார். அவள் அதை நம்பினாள். நம்பி, ழகரத்தை மேலும் அழுத்தி வாசித்தாள். நினைக்கவே பொறுக்கவில்லை.

“சம்மந்தி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க” என்றார் அழகுமலை, கடலை மிட்டாய்த் தாளைப் பிரிக்கும் ஓசையோடு. “மல்டிஃபோக்கல் நல்லதுதான். பேப்பர் படிக்கிறேன், போன் பாக்குறேன், கண்ணாடியத் தேடுற வேலையே இல்ல. ஆனா ராத்திரில ஒரு கூத்து இருக்கு. எதுத்தாப்ல லாரி வந்தா லைட்டச் சுத்தி வட்டம் வட்டமா, காலண்டர் சாமி தலைக்குப் பின்னாடி இருக்குமே, அது மாதிரி தெரியும். மொத மாசம் நான் ரோட்டோரமா நின்னு ஒவ்வொரு லாரிக்கும் கும்புடு போட்டுக்கிட்டு இருந்தேன்.” எதிர் வரிசைப் பெண்மணி இம்முறை வாய்விட்டுச் சிரித்தாள். “பழகிருமா?” என்று கேட்டாள். “பழகிரும் தாயி. செத்ததே பழகிருச்சு, இது பழகாதா?” சங்கிலிமுத்து மூடிய கண்ணுக்குள் அந்த வட்டங்களைப் பார்த்தார். ஒரே வெளிச்சத்தைப் பங்கு போட்டு, கொஞ்சம் தொலைவுக்கும் கொஞ்சம் அண்மைக்கும் அனுப்புகிறதாம் அந்த லென்ஸ், பேத்தி வாசித்தாள், பங்கு போடும்போது சிந்துவதுதான் வட்டமாம். அப்படியானால் முழு வெளிச்சம் எங்குமே விழுவதில்லை. எல்லாம் தெரியும், எதுவும் முழுமையாகத் தெரியாது. அவர் வாழ்ந்ததும் ஏறத்தாழ அப்படித்தானோ என்று தோன்றியது, தோன்றியதும் அது ஏதோ சொற்பொழிவில் வரும் வாக்கியம்போல் இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டார். ஜான்சியின் வீடு எங்கே? அவளுக்குத் தந்தை இருக்கிறாரா? அவருடைய பெயருக்கு முன்னால் என்ன போடுவார்கள்?

“சங்கிலிமுத்து ஐயா வாங்க” என்று அழைத்தார்கள். திருவும் இல்லை, திருவாளரும் இல்லை. கண்ணைத் திறந்தார். உலகம் பால் சிந்தின தரைபோல் வெளுத்துக் கிடந்தது. அழகுமலை முழங்கையைப் பற்றி ஆலோசனை அறைக்குள் அழைத்துச் சென்று அமர்த்தி, தாமும் அருகில் அமர்ந்தார். “வணக்கங்கய்யா, எம் பேரு நஸ்ரின். லென்ஸ் எடுத்துச் சொல்றது என் வேலை. சில கேள்வி கேப்பேன், கூச்சப்படாமச் சொல்லுங்க” என்றது மேசைக்கு அப்பால் ஓர் இளங்குரல். “ராத்திரில வண்டி ஓட்டுவீங்களா?” இல்லை. “அதிகமா என்ன வேலை? டிவி பாக்குறதா, படிக்கிறதா?” “படிக்கிறதுதான்” என்று அழகுமலை முந்திக்கொண்டார். “எங்க சம்மந்தி படிச்சாருன்னா ஒரு புள்ளிகூடத் தப்பாது. கவர்மெண்டு ஆர்டர்லயே தப்புக் கண்டுபிடிப்பாரு.” சங்கிலிமுத்துவின் காது மடல்கள் சூடேறின. “உங்க சுபாவம் எப்படிங்கய்யா? எல்லாம் நூத்துக்கு நூறு கரெக்டா இருக்கணும்னு நினைப்பீங்களா, இல்ல கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் போகட்டும்னு விட்டுருவீங்களா?” இது என்ன கேள்வி? கண்ணுக்கும் சுபாவத்துக்கும் என்ன உறவு? “எதுக்கும்மா அது?” “சின்னக் குறையையும் தாங்க முடியாதவங்களுக்கு மல்டிஃபோக்கல் வச்சா, அந்த வட்டம், மங்கல் இதையே நினைச்சு நினைச்சு நொந்துபோவாங்கய்யா. அதான் கேக்குறோம்.” அழகுமலை தொடையில் தட்டிச் சிரித்தார். சின்னக் குறை. போகட்டும் என்று விட்டது எதை, விடாதது எதை? விடை சொல்ல வேண்டிய இடத்தில் அவர் இருமினார்.

“சரி, படம் காட்டுறேன்” என்று அவள் ஏதோ ஓர் அட்டையை விரித்து அவர் கையில் வைத்தாள். “மூணு படம் இருக்கு. முதல்ல சாதா லென்ஸ்; ரோடு தெளிவா இருக்கும், கையில இருக்கற பேப்பர் மங்கும், படிக்கக் கண்ணாடி போடணும். ரெண்டாவது மல்டிஃபோக்கல், ரெண்டும் தெரியும், லைட்டச் சுத்தி வட்டம் இருக்கும். மூணாவது ரெண்டுக்கும் நடுவுல. பொறுமையா ஒப்பிட்டுப் பாருங்க.” பார்த்தார். கையில் வழவழப்பான அட்டை, அதில் மஞ்சளாகப் புகை படர்ந்த சதுரங்கள், உள்ளே எறும்புகள். அவர் கைகள் அவரைக் கேளாமலே நீண்டன, அட்டையைத் தள்ளிப் பிடித்தன. தலை இடமிருந்து வலமாக அசையத் தொடங்கியது. உதடு பிதுங்கியது. “வித்தியாசம் தெரியுதுங்களா?” என்றாள். “சரி” என்றார் அவர். சொன்ன மாத்திரத்தில் மை வாசனை வந்தது. இங்கே மை இல்லை, மருந்து வாசனைதான், ஆனாலும் மைதான் வந்தது, நாசியை அடைத்தது. அதே கை, அதே தலை, அதே சொல். பழகிப்போன உடல் தன் போக்கில் அதே வேடத்தைக் கட்டிக்கொண்டு ஆடுகிறது. அவர் ஓரமாக நின்று பார்க்கிறார். “அப்ப மல்டிஃபோக்கலே எழுதிக்கட்டுங்களா? எழுத்துப் படிக்க எவ்வளவு நாளாச் சிரமம்னு மட்டும் சொல்லுங்க. புரையால மட்டுமா, உள்ள நரம்புலயும் ஏதாச்சும் இருக்கான்னு டாக்டர் பாக்கணும்.” ஒரு மாதம் என்று சொல்லலாம். ஒரு மாதம் என்றால் அச்சகத்தில் தாள் பார்த்த நாளுக்குப் பிந்தியதாகிவிடும். அன்று பார்வை இருந்ததாகிவிடும், அழகுமலை அருகில் இருந்து கேட்பார், எல்லாம் பொருந்திவிடும். மாதம் என்ற சொல் நாவின் நுனி வரை வந்துவிட்டது.

“தெரியலம்மா” என்றார்.

“ஞாபகம் இல்லீங்களா?”

“படம் தெரியல. எந்தப் படமும் தெரியல. பங்குனியில இருந்தே ஓரெழுத்துகூடத் தெரியல. தெரியற மாதிரி இருந்துக்கிட்டேன்.” குரல் அவருடையதாக இல்லை, பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் வருவதுபோல் தொலைவிலிருந்து வந்தது. நஸ்ரின் அட்டையை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “மருந்து விட்டிருக்கு, இப்ப யாருக்குமே தெரியாதுங்கய்யா. நான்தான் முன்னாடியே காட்டிருக்கணும்” என்றாள். அது அவள் இரக்கம். இடப்பக்கத்திலிருந்து சிரிப்பு வரவில்லை. பங்குனியும் வைகாசியும் அழகுமலையின் மனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதை, வண்டிகள் தம் இடத்தில் வந்து நிற்கும் ஓசையை அறிவதுபோல, சங்கிலிமுத்து அறிந்தார். இப்போது ஏதேனும் சொல்வார். என்னைக் கொன்றுவிட்டீரே என்பார். சொல்லட்டும். இத்தனை நாளும் சொல்லாததைச் சொல்லிவிடட்டும். அழகுமலை தொண்டையைச் செருமினார். “அப்ப அந்தப் பிள்ளை?” என்றார்.

அழகுமலை கைப்பேசியை எடுத்து, தம் புதுக் கண்ணால் அச்சகத்து எண்ணைத் தேடி அழுத்தி, மணி ஒலிக்கும்போதே சங்கிலிமுத்துவின் உள்ளங்கையில் திணித்தார். தனசீலன் எடுத்தார். “நான் சங்கிலிமுத்து, மதுரைக் கண்ணாஸ்பத்திரியில இருந்து பேசுறேன். அந்தப் பிள்ளை என்கிட்டக் கேட்டுச்சு. நாந்தான் பாக்காமச் சரின்னேன். அது மேல தப்பே இல்ல.” மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. பிறகு, “அவ எதுத்தாப்ல ஜெராக்ஸ் கடையிலதான் நிக்கிறாய்யா. நீங்களே சொல்லிருங்க. இருங்க” என்ற குரல் வந்தது. செருப்பு ஓசை, வண்டி ஒலி, யாரோ யாரையோ திட்டுவது, அவர் சுற்றி வந்து தவிர்த்த அந்தத் தெரு முழுவதும் அவர் காதுக்குள் நடந்து சென்றது. அந்த இடைவெளியில் அவர் தம்மிடமிருந்த சொற்களையெல்லாம் தேடினார். வருந்துகிறேன், பொறுத்தருள்க, எத்தனை அழைப்பிதழ்களிலும் அஞ்சலித் தாள்களிலும் அவர் தேர்ந்து தேர்ந்து பதித்த சொற்கள், ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. “சொல்லுங்கய்யா” என்றாள் ஜான்சி.

“அன்னிக்கு நீ கேட்டப்ப எனக்குக் கண்ணு தெரியலம்மா.”

“தெரியுங்கய்யா.”

“என்ன தெரியும்?”

“தாளைத் தலைகீழாப் பிடிச்சிருந்தீங்க. பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் அந்த எடத்த மட்டும் கேட்டேன். நீங்க சத்தம் போடவும் பேசாம இருந்துட்டேன்” என்றாள், பிறகு, “ஆப்பரேசன் நல்லபடியா முடியட்டுங்கய்யா” என்றாள்.

அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். தனசீலன் நாளையே அவளை வரச் சொல்வதாக அழகுமலையிடம் கூறிக்கொண்டிருந்தது மெலிதாகக் கேட்டது. தலைகீழாக. அவ்வளவு நேரம், உதட்டைப் பிதுக்கி, தலைகீழாக. அதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். பின்னர் வேலை போனபோதும் அதை யாரிடமும் சொல்லவில்லை. நஸ்ரின், “ஐயா, லென்ஸ்...” என்று மெல்ல நினைவூட்டினாள். “சாதாவே வையிம்மா” என்றார் அவர். “படிக்கக் கண்ணாடி போடணுமேய்யா?” “போட்டுக்கிறேன். மூக்குல கண்ணாடி இல்லேன்னா நான் படிக்கலேன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியணும்.” அழகுமலை தம் தோள் துண்டை எடுத்து, மருந்து வழிந்த சம்பந்தியின் கன்னத்தைத் துடைத்துவிட்டார், வழிந்தது மருந்து மட்டுமா என்று அவர் கேட்கவில்லை.

இவ்வண்ணம், நிகழும் விசுவாவசு ஆண்டு ஆனித் திங்கள் பத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை முற்பகலில், திரு. அழகுமலை அவர்கள் அருகில் இருக்க, இக்காரியம் முடிவு செய்யப்பட்டது.